எஸ்.யு. கார்புரேட்டரை வீட்டிலேயே பிரித்துப் பூட்டுவது எப்படி: மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது கார்புரேட்டர். எஸ்.யு. வகைக் கார்புரேட்டரில் அசையும் உறுப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரு பிஸ்டன், அதில் தொங்கும் ஊசி, அந்த ஊசி நுழையும் ஜெட் (பெட்ரோல் வரும் துளை), ஒரு மிதவை, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில். இருந்தும் மோரிஸ் மைனர், மினி, பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களின் பேச்சில் அதிகம் அடிபடுவது இதுதான். வண்டி இழுக்கவில்லையா, கார்புரேட்டர். புகைக்கிறதா, கார்புரேட்டர். காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையா, அதற்கும் கார்புரேட்டர். இந்தப் பழியில் பெரும்பகுதி அதற்குச் சேராதது. சேர வேண்டிய பகுதியிலும் அழுக்கின் பங்கைவிடத் தேய்மானத்தின் பங்கு அதிகம். கழுவுவதை யாரும் செய்துவிடலாம். எது தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது.

1962 முதல் 1098 சிசி எஞ்சினோடு வந்த மோரிஸ் மைனர் 1000இல் இருக்கும் ஒற்றை எச்.எஸ்.2 கார்புரேட்டரை வைத்தே இதைச் சொல்கிறேன். பெயரில் உள்ள எண்ணுக்குப் பொருள் உண்டு. ஒரு அங்குலத்தோடு எத்தனை எட்டில் ஒரு பங்கு சேர்கிறது என்பதே அது. எச்.எஸ்.2 என்றால் ஒன்றேகால் அங்குல வாய், எம்.ஜி.பி. காரில் இரட்டையாக வரும் எச்.எஸ்.4 என்றால் ஒன்றரை அங்குலம். அளவுதான் மாறும், வேலை ஒன்றே. எச்.எஸ். வரிசைக்கு முந்தைய எச். வகையில் ஜெட்டைச் சுற்றி கார்க் சீல்கள் இருக்கும். அதைப் பிரிக்கும் முறை சற்று வேறு.

எப்படி வேலை செய்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பேனரை எடுக்க வேண்டாம். மற்ற பெரும்பாலான கார்புரேட்டர்களில் காற்று போகும் வழியின் அளவு மாறாது. ஐடிலிங்குக்கு ஒரு ஜெட், ஓட்டத்துக்கு ஒரு ஜெட், ஆக்சிலரேட்டருக்கு ஒரு பம்ப் என்று வைத்திருப்பார்கள். எஸ்.யு.வில் வழியே பெரிதும் சிறிதும் ஆகும். எஞ்சின் இழுக்கும் வெற்றிடம் பிஸ்டனின் அடியில் உள்ள துளைகள் வழியாக மேலே இருக்கும் குடுவைக்குள் போய்ப் பிஸ்டனைத் தூக்குகிறது. பிஸ்டன் உயர உயரக் காற்று வழி அகலமாகிறது. கூடவே, கீழ்நோக்கிக் கூராகிக்கொண்டே போகும் ஊசியும் ஜெட்டிலிருந்து மேலேறுவதால் பெட்ரோல் வழியும் அகலமாகிறது. ஜெட்டின் மேல் காற்று பாயும் வேகம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும்.

பிரிட்டனில் ஸ்கின்னர் சகோதரர்கள் இதைக் கண்டுபிடித்தபோது பிஸ்டன் இருந்த இடத்தில் தோலால் ஆன துருத்தி இருந்தது. அவர்களின் குடும்பத் தொழில் காலணி வியாபாரம். தோல் போய் உலோகம் வந்ததும், பிஸ்டனுக்கும் குடுவைக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளிதான் எல்லாமாகிவிட்டது. அவை இரண்டும் ஒன்றோடொன்று உரசக்கூடாது, காற்றையும் அதிகம் விடக்கூடாது.

கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வால்வு இடைவெளி 0.012 அங்குலம், பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016, பிளக் இடைவெளி 0.025. இந்த மூன்றும் சரியாக இல்லாத எஞ்சினில் கார்புரேட்டரைத் தொடுவது வீண். டைமிங்கையும் பார்த்துவிடுங்கள். இத்தனையும் முடிந்த பிறகும் கோளாறு இருந்தால் மட்டும் அடுத்ததற்குப் போகலாம்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சோதனை. த்ராட்டிலைத் திருப்பும் தண்டான த்ராட்டில் ஷாப்ட், கார்புரேட்டரின் உடலுக்குள் நுழையும் இரு முனைகளிலும் சொட்டுச் சொட்டாக எஞ்சின் ஆயிலை விடுங்கள். ஐடிலிங் சற்றே மாறி, ஆயில் உள்ளே இழுக்கப்படுவது தெரிந்தால் ஷாப்ட் தேய்ந்து அந்த வழியாகக் காற்று போகிறது. பலர் இதற்கு ஸ்ப்ரே கிளீனரை அடிப்பார்கள். சூடான சைலன்சர் குழாய் பக்கத்திலேயே இருக்கும் எஞ்சினில் அது எரியக்கூடிய பொருள் என்பதை மறக்கக் கூடாது. ஆயில் போதும்.

ஷாப்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் விரலில் தெளிவாகத் தெரிந்தால், எத்தனை கிட் வாங்கிப் போட்டாலும் ஐடிலிங் சீராக நிற்காது. கடையில் விற்கும் கேஸ்கெட் கிட் சரிசெய்யாத கோளாறு இது. பெரும்பாலான மைனர்களில் இருப்பதும் இதுதான்.

கழற்றுதல்

திறந்தவெளியில் செய்யுங்கள். பூஜை விளக்கு எரியும் வீட்டுக்குள்ளோ, கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலோ வேண்டாம். பேட்டரியின் எர்த் வயரை எடுத்துவிடுங்கள். பல மைனர்களில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். எது எர்த் என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே கழற்றவும்.

பெட்ரோல் குழாய், சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வெற்றிடக் குழாய், ஏர் ஃபில்டர். எடுப்பதற்கு முன் கைப்பேசியில் நான்கு கோணங்களில் படம் எடுத்துவைப்பது நல்லது, குறிப்பாக ஸ்ப்ரிங்குகள் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்பதை. பிறகு மேனிஃபோல்டில் (கலவையை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் குழாய்) இருக்கும் நட்டுகள். இவை அங்குல அளவு. அரை அங்குல ஸ்பேனர் பொருந்தும். கிட்டத்தட்டப் பொருந்துகிற மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு நட்டின் முனையை உருட்டிவிடாதீர்கள். கார்புரேட்டர் வெளியே வந்ததும் மேனிஃபோல்ட் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். அதற்குள் விழும் ஒரு வாஷர் எஞ்சினையே பிரிக்க வைக்கும்.

பிரித்தல்

குடுவை உடலோடு எந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறது என்று இரண்டின் மேலும் படும்படி ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மேலே உள்ள டேம்பர் (பிஸ்டன் சட்டென்று எழும்பாமல் ஆயிலால் தடுக்கும் உறுப்பு) மூடியைத் திருகி எடுத்து ஆயிலைக் கொட்டிவிடவும். திருகுகளைக் கழற்றிக் குடுவையை நேராக மேலே தூக்குங்கள். சாய்த்தால் ஊசி வளையும். ஸ்ப்ரிங்கை எடுத்த பின் பிஸ்டனையும் நேராகத் தூக்குங்கள்.

எடுத்த பிஸ்டனை மேசையில் படுக்க வைக்காதீர்கள். அகன்ற வாய் உள்ள ஒரு டம்ளரின் விளிம்பில் பிஸ்டனின் தட்டு உட்காரும்படி வைத்தால் ஊசி டம்ளருக்குள் பத்திரமாகத் தொங்கும். பிஸ்டனும் குடுவையும் ஒன்றுக்கு ஒன்று பொருத்திச் செய்யப்பட்ட ஜோடி. இரட்டைக் கார்புரேட்டர் வண்டிகளில் இந்த ஜோடிகளை மாற்றிப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் காரணம் தேடுபவர்கள் உண்டு. எந்த ஜோடி எந்தக் கார்புரேட்டருடையது என்று ஆரம்பத்திலேயே காகிதத்தில் எழுதிக் கட்டிவையுங்கள்.

அடுத்து, பெட்ரோல் நிரம்பி நிற்கும் மிதவை அறை. அடியிலிருந்து ஜெட்டுக்குப் போகும் மெல்லிய நைலான் குழாயின் நட்டைத் தளர்த்தி இழுத்தால் குழாயும் அதன் சிறு ரப்பர் வளையமும் வெளியே வரும். சோக் லிங்கைக் கழற்றி ஜெட்டைக் கீழே இழுத்து எடுங்கள். பிறகு ஜெட்டைச் சரிசெய்யும் அறுகோண நட்டும் அதன் ஸ்ப்ரிங்கும். மிதவை அறை மூடியைத் திறந்தால் அடியில் பழுப்பு நிறப் பொடி படிந்திருந்தால் அது கார்புரேட்டரில் உருவானதல்ல. டேங்க்கின் உட்புறத் துரு. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு ஃபில்டர் போடாமல் பூட்டினால் அடுத்த வாரமே மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.

த்ராட்டில் ஷாப்ட் நன்றாக இருந்தால் அதில் பூட்டியிருக்கும் வட்டமான பட்டர்ஃபிளைத் தகட்டைத் தொடவே வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு சிறு திருகுகளின் பின்முனைகள் பிளந்து விரிக்கப்பட்டிருக்கும். அந்த விரிவை அரத்தால் அராவி எடுத்த பிறகே திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஷாப்டின் மரை கிழிந்துவிடும். தகட்டின் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டிருப்பதால் எந்தப் பக்கம் மேலே, எது எஞ்சின் பக்கம் என்று குறித்துக்கொள்ளவும்.

கழுவுதல்

நம் வீடுகளில் பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கம் உண்டு. இங்கே அது ஆகாது. உடலும் குடுவையும் அலுமினியக் கலவை. புளி, எலுமிச்சை, காஸ்டிக் சோடா எதுவுமே அதை அரிக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கடைசியில் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயால் துளைகளை அடித்து, காற்றால் ஊதினால் போதும். மிதவை, நைலான் குழாயோடு இருக்கும் ஜெட், ரப்பர் வளையங்கள் ஆகியவற்றைக் கடுமையான கரைப்பான்களில் போடாதீர்கள்.

பிஸ்டனிலும் குடுவையின் உட்புறத்திலும் எமரி பேப்பர், ஸ்டீல் ஸ்கிரப்பர், மெட்டல் பாலிஷ் எதுவும் படக்கூடாது. மெக்கானிக் ஷெட்டுகளில் இதைக் கண்ணாடிபோல் பளபளக்க வைத்துப் பெருமையோடு திருப்பித் தருவார்கள். தேய்த்ததில் இடைவெளி கூடி, எந்தத் தரம் இந்தக் கார்புரேட்டரை ஓட வைக்கிறதோ அது போயிருக்கும். வெளிப்புறத்தை ஆசைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் மெருகேற்றிக்கொள்ளுங்கள்.

தேய்மானத்தைக் கண்டுபிடித்தல்

முதலில் பிஸ்டனும் குடுவையும். ஸ்ப்ரிங் இல்லாமல், டேம்பரை மூடியோடு பூட்டி, பிஸ்டனின் அடியில் உள்ள துளைகளைக் களிமண் அல்லது ரப்பர் துண்டால் அடைத்துப் பிஸ்டனை முழுவதுமாகக் குடுவைக்குள் தள்ளுங்கள். மொத்தத்தையும் தலைகீழாகத் திருப்பிப் பிஸ்டனைப் பிடித்துக்கொண்டு, குடுவை தானாகக் கீழே இறங்க விடுங்கள். கீழே மெத்தென்று ஒரு துணி இருக்கட்டும். எச்.எஸ்.2க்கு 3 முதல் 5 வினாடி, ஒன்றரை அங்குலத்துக்கும் அதற்கு மேலும் 5 முதல் 7 வினாடி எடுக்க வேண்டும். பொத்தென்று விழுந்தால் இடைவெளி அதிகம். பாதியில் தயங்கி நின்றால் இன்னும் அழுக்கு இருக்கிறது அல்லது எங்கோ ஒரு நசுங்கல். புதியதை வாங்கும் முன் மறுபடி ஒருமுறை கழுவிப் பாருங்கள்.

அடுத்து ஊசி. வெளிச்சத்தில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மினுமினுப்பான கோடு விழுந்திருந்தால் அது ஜெட்டில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அப்போது ஜெட்டின் துளையும் வட்டம் குலைந்து முட்டை வடிவத்தில் தேய்ந்திருக்கும்; பூதக்கண்ணாடியில் தெரியும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஊசியின் தண்டில் பொறித்திருக்கும் எழுத்துகளையும் படித்துவிடுங்கள். 1098 சிசி மைனருக்கு வழக்கமான ஊசி ஏ.என். கைமாறி வந்த வண்டிகளில் யாரோ கிடைத்ததைப் போட்டிருப்பார்கள், அதுவே பாதிக் கோளாறாக இருக்கும்.

மிதவையைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே தளும்பும் சத்தம் கேட்டால் அது ஓட்டை. மிதவை உயர்ந்ததும் பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி வால்வின் கூம்பில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் வால்வையும் அதன் இருக்கையையும் சேர்த்து மாற்ற வேண்டும். மேனிஃபோல்டில் உட்காரும் முகத்தின் மீது ஒரு எஃகு ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கியவர்களின் கைவண்ணம் வளைவாகத் தெரியும்.

த்ராட்டில் ஷாப்டில் ஆட்டம் இருந்தால் முதலில் புதிய ஷாப்டை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போதும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் உடலின் துளையே தேய்ந்திருக்கிறது. அதைத் துளையிட்டுப் புஷ் போட வேண்டும். இது வீட்டு வேலையல்ல, நல்ல லேத் பட்டறைக்குக் கொடுங்கள். இரு பக்கத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். கால் மில்லிமீட்டர் விலகினாலும் ஷாப்ட் இறுகும்.

கிட் வாங்கும்போது

இந்தியாவில் இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அந்தக் காலத்து ரப்பரும் கார்க்கும் இதைத் தாங்காது; ஊறி உப்பும், பின் உதிரும். ஊசி வால்வின் நுனி, குழாய்கள், வளையங்கள் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் வைட்டான் வகையாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஓட்டாமல் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் மிதவை அறையில் வெள்ளைப் பூச்சு படிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூட்டுதல்

ஊசியைப் பிஸ்டனில் செருகும்போது அதன் தோள், பிஸ்டனின் அடிமுகத்தோடு சமமாக நிற்க வேண்டும். நகத்தால் தடவினால் ஏற்ற இறக்கம் தட்டக்கூடாது. இது நிலையான ஊசிக்கு. ஸ்ப்ரிங்கோடு சாய்ந்து நிற்கும் பிந்தைய வகை ஊசிக்கு அதனுடன் வரும் குறிப்பைப் பின்பற்றவும்.

மிதவை மட்டம்: மூடியைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவை தன் எடையால் வால்வை மூடும். அப்போது நைலான் மிதவைக்கும் மூடியின் விளிம்புக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கூடுதல் குறைவு இருந்தால், உலோக நாக்கு உள்ள மிதவையில் அதை லேசாக வளைக்கலாம். முழுக்க நைலானாக இருந்தால் வால்வு இருக்கையின் கீழ் வாஷர் போட்டுச் சரிசெய்யலாம். அதே நிலையில் பெட்ரோல் நுழையும் வாயில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி ஊதிப் பாருங்கள். காற்று போகக்கூடாது.

நைலான் குழாயை அறையின் அடியில் செருகும்போது அதன் நுனி ரப்பர் வளையத்தைத் தாண்டி ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீட்டியிருக்கட்டும். அதைவிடக் குறைந்தால் குழாய் நழுவும், பெட்ரோல் நேராக எஞ்சின் மேல் சொட்டும்.

இனி ஜெட்டை மையப்படுத்துதல். பொறுமை வேண்டிய இடம் இது. சரிசெய்யும் நட்டையும் ஸ்ப்ரிங்கையும் எடுத்துவிட்டு, ஜெட்டைக் கடைசி வரை மேலே தள்ளுங்கள். ஜெட்டைத் தாங்கும் பெரிய நட்டை, ஜெட் கூடு விரலால் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். டேம்பர் துளை வழியாக ஒரு பென்சிலால் பிஸ்டனைக் கீழே அழுத்தினால் ஊசி தனக்கு வேண்டிய இடத்துக்கு ஜெட்டை நகர்த்திக்கொள்ளும். அழுத்தியபடியே நட்டை இறுக்குங்கள். பிறகு பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். "டக்" என்று தெளிவான உலோகச் சத்தம் கேட்க வேண்டும். ஜெட்டை முழுவதும் கீழே இறக்கிவிட்டு மறுபடி தூக்கி விடுங்கள். இரண்டு சத்தமும் ஒன்றாக இருந்தால் மையம் சரி. கீழே இறக்கியபோது மட்டும் சத்தம் கூர்மையாக இருந்தால் ஊசி இன்னும் உரசுகிறது. மறுபடி தளர்த்திச் செய்யுங்கள். மூன்று நான்கு முறை எடுக்கும், அது இயல்பு.

ஸ்ப்ரிங்கையும் நட்டையும் மீண்டும் பூட்டி, ஜெட்டின் நுனி, காற்று வழியின் அடியில் உள்ள மேடையோடு சமமாகும் வரை நட்டை மேலே ஏற்றி, அங்கிருந்து முழுதாக இரண்டு சுற்று இறக்குங்கள். சுற்றுக்கு ஆறு முகம் வீதம் அது 12 முகம். வண்டி ஓடத் தொடங்க இது போதும்.

புதிய ஷாப்ட் போட்டிருந்தால், பட்டர்ஃபிளைத் திருகுகள் புதியவையாக இருக்கட்டும். தகட்டை மூடி, வாயில் நடுவாக உட்கார வைத்து, இறுக்கி, பின்முனைகளை விரித்துவிடவும். அவிழும் திருகு நேராக எஞ்சினுக்குள்தான் போகும்.

ஏர் ஃபில்டர் கேஸ்கெட்டைக் கவனியுங்கள். கார்புரேட்டரின் முகத்தில் சிறு துளைகள் இருக்கும். பிஸ்டனின் அடிப்பக்கத்துக்கு வெளிக்காற்று போவது அந்த வழியாகத்தான். கேஸ்கெட்டைத் தலைகீழாகப் போட்டால் துளைகள் அடைபடும், பிஸ்டன் எழும்பாது, வண்டி இழுக்காது. எல்லாம் சரியாகச் செய்தும் வண்டி ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

டேம்பரில் எஸ்.ஏ.இ. 20 ஆயில். 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயிலும் நம் வெயிலுக்கு ஓடும். மூடியில் காற்றுத் துளை இருந்தால் பிஸ்டன் தண்டின் நுனிக்கு 13 மில்லிமீட்டர் மேலே வரை; துளை இல்லாத மூடி என்றால் நுனிக்கு 13 மில்லிமீட்டர் கீழே வரை. ஆயில் இல்லாவிட்டால் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் வண்டி ஒரு கணம் திக்கிப் பின்பே கிளம்பும். பிஸ்டனின் பக்கங்களில் ஆயில் தடவாதீர்கள், தூசி ஒட்டும்.

முதல் ஓட்டமும் சரிசெய்தலும்

பேட்டரியை இணைத்து, சாவியை மட்டும் திருப்புங்கள். மைனரின் மின்சாரப் பம்ப் டக்டக்கென்று வேகமாக அடித்து, மிதவை அறை நிரம்பியதும் நின்றுவிடும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் சாவியை உடனே அணைத்து, எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள். தீயணைப்புக் கருவி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எஞ்சின் நன்றாகச் சூடேறட்டும். சோக்கை முழுவதும் உள்ளே தள்ளியபின் ஜெட் உண்மையிலேயே நட்டில் போய் முட்டுகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கேபிளில் ஒன்றரை மில்லிமீட்டர் தளர்வு வேண்டும். ஜெட் பாதியில் நின்றுவிட்டுக் கரும்புகை கக்கும் வண்டிகளில் கலவையைக் குறைத்துக் குறைத்து ஓய்ந்துபோனவர்கள் ஏராளம்.

ஐடிலிங் வேகத்தைத் திருகால் வைத்துக்கொண்டு, பிஸ்டனைத் தூக்குவதற்கென்று உடலில் இருக்கும் சிறு முளையால் அதை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம்; நட்டை ஒரு முகம் மேலே ஏற்றுங்கள். உடனே திணறி நிற்கப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு முகம் இறக்குங்கள். ஒரு நொடி லேசாகக் கூடிப் பழைய இடத்துக்கே திரும்பினால் சரி. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின் ஜெட்டை மேலே தள்ளி, ஆக்சிலரேட்டரை ஒருமுறை உறுமவிட்டு, அதன் பிறகு மறுபடி பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் கலவையை மெலிய வைக்கும் என்பதால், பழைய புத்தக அளவைவிட ஓரிரு முகம் கூடுதலாக இறக்க வேண்டி வரலாம்.

இரட்டைக் கார்புரேட்டர் என்றால் இதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கிளாம்ப்களைத் தளர்த்திவிட்டு, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் வைத்துக் கேளுங்கள். இரண்டிலும் காற்றின் சீறல் ஒரே அளவாகும் வரை ஐடிலிங் திருகுகளைச் சரிசெய்து, பிறகு கிளாம்ப்களை இறுக்கி, கலவையை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

சாலையில் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, வேகத்தில் இருக்கும்போதே எஞ்சினை நியூட்ரலில் அணைத்து, ஓரமாக நிறுத்திப் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். வெளிர்பழுப்பு நல்லது, கரிப்பொடி என்றால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. வெளுத்த பிளக்கோடு நெடுஞ்சாலையில் விரைவது எஞ்சினுக்கு ஆபத்து. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு மேனிஃபோல்ட் நட்டுகளை இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள். புதிய கேஸ்கெட் அமுங்கியதில் அவை சற்றே தளர்ந்திருக்கும்.